‘ஸ்டார்ட் ஆகலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும்,



பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் வழியில் சின்னதாக ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஐப்பசி மழை இறங்குவதற்குள் உங்களோடு கொஞ்சம் பேசிவிட வேண்டும். மழை வந்துவிட்டால் எனக்குப் பேச நேரம் இருக்காது, உங்களுக்கும் கேட்கப் பொறுமை இருக்காது.

காலை எட்டு மணிக்கு மேல் போன் வரத் தொடங்கும். திருமுல்லைவாயலிலிருந்து ஒருவர், கரையான்சாவடியிலிருந்து இன்னொருவர். ஆள்தான் வேறு, சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலை.” “செல்ஃப் அடிக்குதா, இல்லையா?” என்று கேட்பேன். “அதெல்லாம் தெரியலண்ணே. பேட்டரி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.” விசாரணையே நடக்கவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. சிலர் எனக்குப் போன் செய்யும்போதே புது பேட்டரி வாங்கி மாட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகும் எடுக்கவில்லை என்பதால்தான் போனே.

இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். வண்டி எடுக்காதபோது அது உங்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. சத்தமாகவோ, சத்தமே இல்லாமலோ, டேஷ்போர்டில் ஒரு விளக்காகவோ சொல்கிறது. அதைக் கேட்டு எங்களிடம் அப்படியே சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். கேட்காமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால், காலையில் இருந்த ஒரு பழுது மத்தியானத்துக்குள் மூன்றாகிவிடும்.

‘ஸ்டார்ட் ஆகலை’ என்பதில் இரண்டு வெவ்வேறு புகார்கள் இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. முதல் வகையில் பேட்டரி, டெர்மினல், எர்த், சுவிட்ச், ரிலே, செல்ஃப் மோட்டார் என்று ஒரு பாதையில் தேடுவோம். இரண்டாம் வகையில் அந்தப் பாதை முழுக்கச் சரியாக இருக்கிறது என்று வண்டியே சான்றிதழ் கொடுத்துவிட்டது. அங்கே தேட வேண்டியது ஸ்பார்க்கை, பெட்ரோலை, சென்சாரை. செல்ஃப் கிர்ர்ரென்று வேகமாகச் சுற்றும் வண்டிக்குப் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. அந்த வீண் செலவை மாதந்தோறும் பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த முதல் வகைப் புகாரே கிடையாது. ஹேண்டிலை முன்னால் செருகி, கையால் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். இன்ஜின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து டிரைவர்களின் பாடம். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. பேட்டரி, காயில், பாயிண்ட் வைத்து ஸ்பார்க் கொடுக்கும் முறையும் அவர் வளர்த்தெடுத்ததுதான். அதாவது நம் இரண்டு வகைப் புகாருக்கும் மூலகர்த்தா ஒரே ஆள். நம் ஊருக்கும் அந்தத் தொழிலுக்கும் உறவு உண்டு. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் வந்தது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிற ஆலை. அதன் பேரைச் சொல்லித்தான் பஸ்ஸில் டிக்கெட்டே கேட்கிறோம். நாட்டுக்கே செல்ஃப் மோட்டார் செய்து அனுப்பும் வாசலுக்கு எதிரே, செல்ஃப் எடுக்காமல் நிற்கும் காரை நான்கு பேர் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானும் இறங்குவேன்.

சரி, முதல் வகை. சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக டக’ என்று வேகமாகத் தட்டும் சத்தம் வந்தால், செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு சுவிட்ச் இழுக்கிறது, ஆனால் பிடித்து நிற்க மின்சாரம் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் அமைதி என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் போகும்: கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சொலினாய்டு காண்டாக்ட் கருகியிருக்கலாம். ஒரு சத்தமும் இல்லை, ஆனால் டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் மின்சாரம் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பி’யில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும் வண்டியில் கிளட்ச் சுவிட்ச் போயிருக்கலாம். ரிலேவோ ஃபியூஸோ இருக்கலாம்.

ஹெட்லைட்டை வைத்து ஒரு சோதனை செய்யலாம். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே அடங்கிப் போனால் பேட்டரி பக்கம் பாருங்கள். வெளிச்சம் அசையாமல் நின்று செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

டெர்மினல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்று வரும் வண்டிகளில் கணிசமானவை டெர்மினல் கேஸ்தான். பேட்டரி தலையில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ மாவு பூத்திருக்கும். ரேடியோ பாடும், விளக்கு எரியும், ஹாரன்கூட அடிக்கும். அவற்றுக்கெல்லாம் சில ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு ஒரு சின்ன பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த மாவின் வழியாக அவ்வளவு மின்சாரம் போகாது. சமையல் சோடாவை வெந்நீரில் கலந்து ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி நல்லதல்ல, அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும்.

பாசிட்டிவ் கேபிளை எல்லோரும் பார்ப்பார்கள், எர்த்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் ஒரு பட்டை ஒயர் போகும். மழைத் தண்ணீரும் சேறும் பட்டு அது உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துப்போகும். வெளியே உறை நன்றாகவே இருக்கும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. பேட்டரி மைனஸ் முனையில் ஒரு பின்னும் இன்ஜின் இரும்பில் இன்னொரு பின்னும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. புது செல்ஃப் மோட்டாருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த பலருக்கு ஓர் எர்த் கேபிளோடு காரியம் முடிந்திருக்கிறது.

அதே மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. வண்டி ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குற்றவாளி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். அதைக் கண்டுபிடிக்காமல் நீங்கள் போடும் புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். இந்த எண்களை வண்டி புக்கின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் நாடுகளில் குளிரில் பேட்டரி போகும் என்று படித்திருப்பீர்கள். நம் ஊரில் அதை உள்ளே அரிப்பது சித்திரை, வைகாசி வெயில். வெயிலில் பழுதான பேட்டரி அப்போதே சொல்லாது. முதல் மழைக் காலையில், வைப்பரும் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்து கேட்கும்போது கையை விரிக்கும். அதனால்தான் மூன்று வயதைத் தாண்டிய பேட்டரியைப் புரட்டாசியிலேயே சோதித்துவிடச் சொல்கிறேன்.

நிறுத்தியே வைத்தாலும் இறங்கும். 2020 ஊரடங்கு முடிந்து வந்த நாட்களில் என் கடைக்கு அந்த ஒரு வேலைதான். வண்டி தூங்கினாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரா, கடைக்காரர் ஒயரைக் கண்ட இடத்தில் இணைத்து மாட்டிய மியூசிக் சிஸ்டம் இருந்தால் அதற்கு முன்பே. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் முன்னாள் உரிமையாளர் என்னென்ன மாட்டினார், எதையெல்லாம் கழற்றும்போது ஒயரை அப்படியே தொங்க விட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சாவி திரும்பவே மாட்டேன் என்கிறது என்றும் போன் வரும். ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்பினால் விட்டுவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ‘கீ இல்லை’ என்று காட்டினால் ரிமோட்டுக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

இனி இரண்டாம் வகை. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அசல் இக்னிஷன் சமாச்சாரம் இங்கேதான்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் இது கைக்கு அடங்கிய வேலை. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டரைக் கழற்றி, பாயிண்டை எமரித் தாளில் இழுத்து, ஃபீலர் கேஜை வைத்து இடைவெளி பார்ப்போம். அம்பாசிடருக்குப் பதினைந்து தவ், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் கீழே. மூடிக்குள் ஈரம் இருந்தால் துணியால் துடைத்துக் காயவைப்போம். மே மாத வெயிலில் நின்றுபோனால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவோம். குழாய்க்குள் ஆவியான பெட்ரோல் குளிர்ந்து இறங்கும். பிளக் ஒயரை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து நீலப் பொறி தெறிக்கிறதா என்று பார்ப்போம். ‘கரண்ட் பார்ப்பது’ என்று அதற்குப் பேர்.

அந்தப் பழக்கம் இன்னும் சில கைகளில் இருக்கிறது. அதை உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள். இப்போது பெரும்பாலும் ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனிக் காயில். 12 வோல்ட்டை இருபதாயிரத்துக்கும் மேலே தூக்குகிறது. வெட்டவெளியில் பொறியைப் பாய விட்டால் காயிலும் போகும், கம்ப்யூட்டரும் போகும், கைக்கும் ஆபத்து. இன்னொரு பழக்கம் இதைவிட மோசம்: ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘இன்ஜின் நிக்கலை பாரு, டைனமோ ஓகே’ என்பார்கள். டைனமோ இருந்த காலத்தில் செல்லுபடியான வித்தை. இப்போது அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் எந்த எலக்ட்ரானிக் பெட்டியைச் சுடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அனுபவசாலி என்ற மரியாதைக்காகப் பேசாமல் நிற்காதீர்கள். ‘மீட்டர் வெச்சுப் பாருங்கண்ணே’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்? சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோய், செல்ஃப் அடிக்காமல், காதைப் பின் சீட்டுப் பக்கம் கொடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இரண்டு வினாடி ‘ஙீ’ என்று பம்ப் ஓடி நிற்கும். கேட்காவிட்டால் பம்ப், ரிலே, ஃபியூஸ். பழைய ஃபோர்டு வண்டிகள் சிலவற்றில், மோதினால் பெட்ரோலை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பூந்தமல்லி சாலையின் பள்ளத்தையே அது விபத்து என்று நினைத்துக்கொள்ளும். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் இருக்கும் அதன் பட்டனை அழுத்தினால் போதும், அதற்கு முன் கீழே பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டுப் படமோ வேகமாகக் கண் சிமிட்டுகிறதா என்பது. சிமிட்டினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. பஜாரில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், செல்ஃபையும் சுற்றும். அதனுள்ளே சிப் இல்லையென்றால் இன்ஜின் பிடிக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு தனிப்பட்ட நோய் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்க வேண்டும் என்று உங்கள் வண்டியைப் பத்தடி நகர்த்தி, உடனே அணைத்திருப்பீர்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகமாக ஊற்றிய பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும். அடுத்த நாள் சுற்றும், பிடிக்காது, பெட்ரோல் வாடை மட்டும் வரும். ஆக்சிலேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விட்டுக் காயவைக்கும். எந்த முயற்சியாக இருந்தாலும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். அந்த மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்ததல்ல.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, ஏற்ற இறக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அது அறுந்திருக்கக்கூடும். இன்னும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதக்கூடும்.

சிஎன்ஜி வைத்திருக்கும் கால் டாக்சித் தம்பிகளுக்கு: உங்கள் வண்டிகளில் பல பெட்ரோலில் எடுத்துத்தான் கேஸுக்கு மாறும். கேஸ் நிறைய இருக்கிறது என்று பெட்ரோல் டேங்க்கை வறள விட்டால் வண்டி எடுக்காது, உள்ளே பம்ப்பும் சூடாகிப் போகும். கேஸ் பற்றுவதற்கு ஸ்பார்க் இன்னும் வலுவாக வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது தெரியாத பிளக் தேய்மானம் கேஸில் உதறலாகத் தெரியும். அந்த உதறல் வந்தபோதே பிளக்கை மாற்றினால் காயில் தப்பிக்கும். டீசல்காரர்களுக்குப் பிளக், காயில் பற்றிய கவலை இல்லை, உங்கள் இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது கிராங்க் சென்சார்தான். பட்டாபிராமிலிருந்து ஓர் அம்மா ஒருமுறை போன் செய்தார். “தம்பி, காலைல நல்லா எடுக்குது. மத்தியானம் கடைத்தெருவுல பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தா செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. அரை மணி நேரம் ஆறினா தானா எடுத்துக்குது. ஆர்பிஎம் முள்ளு அப்ப ஆடவே மாட்டேங்குது.” எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த சென்சார். அது சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் விடாது, பெட்ரோலும் விடாது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். மெக்கானிக் வரும் நேரத்தில் வண்டி ஆறியிருக்கும், ஒரே திருப்பில் எடுக்கும், ‘ஒண்ணுமில்லையே சார்’ என்று அவரும் போய்விடுவார். அந்த அம்மா எப்போது, எவ்வளவு நேரம், முள் ஆடியதா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னதால் நான் சென்சாரைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், பாதி. பி0335 என்று எரர் கோடு வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் பிரச்சினை என்று அர்த்தம். சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் துரு இருக்கலாம். நம் பக்கத்தில் காலி மனைகள் இன்னும் மிச்சமிருப்பதால் எலி கடித்திருக்கவும் வாய்ப்பு அதிகம். கோடு வந்த உடனே பார்ட்டை மாற்றுபவரிடம், ‘ஒயரை செக் பண்ணீங்களா?’ என்று கேளுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளி எடுக்கலாமா? மேனுவல் கியர் வண்டியில், பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால், இரண்டாவது கியரில் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் கூடாது. பேட்டரி சரியாக இருந்து ஸ்பார்க் வராத வண்டியைத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அது செல்ஃப் மோட்டாரைவிட விலை கூடிய சாமான். ஜம்பர் கேபிள் போடுவதானால் சிவப்பை முதலில் உங்கள் பிளஸ்ஸில், பிறகு உதவ வந்த வண்டியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை அவர் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் பேட்டரியில் அல்லாமல் இன்ஜினின் வெறும் இரும்பில் கவ்வ விடுங்கள்.

கடைசியாக மழை. இதுவரை சொன்னதில் நீங்கள் தவறினால் ஆயிரங்களில் போகும். இதில் தவறினால் இன்ஜினே போகும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் ஊற்றியதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. கொரட்டூரிலும் ஆவடிப் பக்கத்திலும் தெருவில் நின்ற கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. அதற்கு முன் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றங்கரையில் நடந்ததும் இதுதான். இரண்டு முறையும் கார் கம்பெனிகள் மீட்பு வண்டிகளை அனுப்பி, நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. கேட்டவர்கள் தப்பித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஒருமுறை சாவியைத் திருப்பியவர்களின் வண்டிகள் வரிசையாக ஷெட்டுகளில் இன்ஜின் பிரித்துக் கிடந்தன.

காரணம் எளிது. 1,200 சிசி, நான்கு சிலிண்டர் கார் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 சிசி, இரண்டு மேசைக்கரண்டி. காற்று அந்த இடத்தில் நசுங்கி அடங்கும். தண்ணீர் நசுங்காது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் சிலிண்டரில் இருந்தால் பிஸ்டன் ஏற முடியாமல் நிற்கும். செல்ஃபின் பலத்தில் மட்டும் சுற்றினால் சில சமயம் ‘டொக்’கென்று நின்று தப்பிக்கும். பக்கத்து சிலிண்டர் பற்றிக்கொண்டால் அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும், பிளாக்கையும் உடைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீருக்குள் ஓட்டிப் போய் நடுவில் நின்றுவிட்டாலும் இதே கதைதான்: நின்றது நின்றதாகவே இருக்கட்டும், மறுபடி எடுக்க முயல வேண்டாம், தள்ளிக்கொண்டு வாருங்கள்.

நனைந்த வண்டிக்குச் செய்ய வேண்டியது, பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பார்ப்பது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எந்த அளவுக்கு நனைந்தது என்று போட்டோ எடுத்து வைப்பது. பிறகு டோ செய்வது. நாங்கள் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றுவோம், தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். ஆயிலை மாற்றி, கனெக்டர்களைக் காயவைத்துவிட்டால் பல வண்டிகள் பழையபடி ஓடும்.

இன்சூரன்ஸ் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சாதாரண ஃபுல் கவரில், வெள்ளத்தில் நனைந்ததற்குப் பணம் வரும். நனைந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினுக்கு, அது நீங்கள் பின்னால் வரவழைத்துக்கொண்ட நஷ்டம் என்று சொல்லிப் பொதுவாக மறுத்துவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் கவர் உண்டு. ஏரியை ஒட்டிய நகர்களில் இருப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் தொகையில் கணக்குப் பார்க்காதீர்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலியாக ஒன்றும் தெரியவில்லை.

மேம்பாலம் கிடைக்காவிட்டாலும் மேடான தெருவில் உறவினர் வீடு ஒன்று இருக்கும். ரெட் அலர்ட் வந்த அன்றைக்கே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். விட முடியாமல் நனைந்துவிட்டால், எங்களில் யாராவது வந்து பார்க்கும்வரை சாவியை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக, ‘ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் மாமா’ என்று சொல்லும் மைத்துனருக்கு.

இப்படிக்கு,
பாடிப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்